மூன்றும் தெரிந்தவர் எங்கே கிடைப்பார்?

கேள்வி: அன்புள்ள அக்கா, மார்த்தாண்டத்தில் ஆறு பேரை வைத்துச் சின்னதாக ஒரு டைப்செட்டிங் யூனிட் நடத்துகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில், சமன்பாடுகளை அச்சுக்கு அமைக்கிற லாடெக் மென்பொருளில் வேலை பழகி, கல்யாணத்துக்கு அப்புறம் ஊரிலேயே தொடங்கியது. கணிதம், இயற்பியல் புத்தகங்கள்தான் அதிகம் வரும். எங்களுக்கு வழக்கமாக வேலை கொடுக்கிற இத்தாலியப் பதிப்பாளர் ஒருவர், கல்லூரி முதலாம் ஆண்டுக்கான 300 பக்க இயற்பியல் புத்தகத்தைப் போர்ச்சுகீசியத்தில் கொண்டுவரப் போகிறாராம். 'மொழிபெயர்ப்பாளரையும் நீங்களே பிடித்து, இரண்டு மாதத்தில் அச்சுக்குத் தயாரான கோப்பாகக் கொடுங்கள்' என்கிறார். எங்கள் பங்கில் ரோமில் படித்து வந்த ஃபாதர் ஒருவர் இருக்கிறார், இத்தாலியன் நன்றாகப் பேசுவார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, கோவாவில் யாரையாவது பிடித்துப் போர்ச்சுகீசியமாக்கினால் என்ன? அல்லது மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டுத் திருத்திக்கொள்ளலாமா? தேடி வந்த வேலையை விட மனசில்லை. இனிமேல் மொழிபெயர்ப்பு வேலையையும் சேர்த்தே எடுக்கலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வேலையை விடாதீர்கள். ஆனால் இரண்டு மாதம் என்பதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இன்றைக்கே பதிப்பாளருக்கு ஒரு கடிதம் போட்டு, எந்த நாட்டுப் போர்ச்சுகீசியம் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் எழுத்திலக்கணத்தை ஒன்றாக்க 1990-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2009 முதல் படிப்படியாக நடைமுறைக்கும் வந்தது. ஆனாலும் இயற்பியல் வகுப்பறைச் சொற்கள் இரண்டாகவே நிற்கின்றன. எலெக்ட்ரான் பிரேசிலில் 'எலேத்ரோன்', போர்ச்சுகலில் 'எலெத்ராவ்ன்'. புரோட்டான், நியூட்ரான், ஃபோட்டான், அயனி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தில் வருகிற மிதப்பு விசைக்குச் சொல்லே வேறு: பிரேசில் மாணவனுக்கு அது 'எம்புஷோ', லிஸ்பன் மாணவனுக்கு 'இம்புல்சாவ்ன்'. புத்தகம் எந்த நாட்டு மாணவன் கைக்குப் போகப்போகிறது என்று தெரியாமல் ஆள் தேடத் தொடங்கினால், பாதி வழியில் ஆளையே மாற்ற வேண்டி வரும். அதுவரை கொடுத்த பணமும் போய்விடும்.

சரி, ஆள் விஷயம். உங்களுக்கு மூன்று தேவை: இத்தாலியன், போர்ச்சுகீசியம், இயற்பியல். மூன்றும் சமமாக வாய்த்தவர் அபூர்வம். அதனால் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். போர்ச்சுகீசியம் தாய்மொழியாக இருக்க வேண்டும், அதிலும் அந்த நாட்டுப் போர்ச்சுகீசியம். இயற்பியலைப் பட்ட அளவிலாவது படித்திருக்க வேண்டும். இத்தாலியனைப் பிழையில்லாமல் வாசித்துப் புரிந்துகொண்டால் போதும், பேசத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இத்தாலியன் சரளமாக வருகிறவரைப் பிடித்துவிட்டு, இயற்பியலை அகராதி பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறார்கள்.

இந்தத் தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதியில் இருக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். நான் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழும் மலையாளமும் எல்லார் வாயிலும் ஓடும். இங்கே தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்காக மலையாளத்திலிருந்து ஓர் அறிவியல் பயிற்சித்தாளைத் தமிழாக்கித் தரும்படி ஒருவர் கேட்டார். ஏற்கனவே யாரோ செய்து வைத்திருந்த தமிழைப் பார்த்தேன். மலையாளத்தில் 'பலம்' என்று இருந்த இடமெல்லாம் தமிழிலும் 'பலம்' என்றே உட்கார்ந்திருந்தது. மலையாளப் பாடத்தில் அது விசை. செய்தவருக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடுதான், இயற்பியல் மட்டும் பழக்கமில்லை. இத்தாலியனும் போர்ச்சுகீசியமும் அதே மாதிரிப் பக்கத்து வீட்டு மொழிகள். தோற்றம் ஒன்றுபோல இருப்பதால், யோசிக்காமல் கை அதே சொல்லைத் தூக்கி வைத்துவிடும்.

அப்படிக் கை வழுக்குகிற இடங்களை உங்களுக்குக் காட்டிவிடுகிறேன், ஆளைத் தேர்வு செய்யும்போது உதவும். இத்தாலியனில் 'இம்புல்சோ' என்றால் கணத்தாக்கு. சில நூல்களில் உந்தத்தையும் அப்படிச் சொல்வார்கள். போர்ச்சுகலின் 'இம்புல்சாவ்ன்' மேலே சொன்னபடி மிதப்பு விசை. அடுத்தது எண்கள். இத்தாலியனில் நூறு கோடிக்கு 'மிலியார்தோ', லட்சம் கோடிக்கு 'பிலியோனே'. பிரேசிலில் 'பிலியாவ்ன்' என்றாலே நூறு கோடி. போர்ச்சுகலில் அதே ஓசையுள்ள சொல் மறுபடியும் லட்சம் கோடி. நட்சத்திரங்களின் தூரம் பற்றிய ஒரு கணக்கில் இது புகுந்தால் விடை ஆயிரம் மடங்கு மாறிவிடும். ஆனால் என் அனுபவத்தில் அதிகம் கெடுவது கலைச்சொல்லில் அல்ல, கலைச்சொல்லுக்காவது பட்டியல் போட்டுவிடுவார்கள். ஒரு சமன்பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் நிற்கிற சின்ன இணைப்புச் சொற்களில்தான் கெடுகிறது. இத்தாலியனில் 'ஓவ்வெரோ' என்று ஒன்று உண்டு. அது 'அல்லது' என்றும் வரும், 'அதாவது' என்றும் வரும். ஒரு சமன்பாட்டை எழுதி, ஓவ்வெரோ போட்டு, அடுத்ததை எழுதியிருந்தால், இரண்டும் ஒன்றேயா, வெவ்வேறு வாய்ப்புகளா? கணக்கைத் தானே போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு நொடியில் விளங்கும். தெரியாதவர் அகராதியில் முதலில் கிடைப்பதை எழுதுவார், மாணவன் அதோடு மல்லுக்கட்டுவான்.

ஃபாதரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ப் பங்குகளில் ரோமில் படித்த குருக்களும் சிஸ்டர்களும் நிறைய, அவர்கள் இத்தாலியன் நல்ல இத்தாலியன்தான். அவரை வேறு ஒரு வேலைக்குக் கேளுங்கள். பதிப்பாளரின் ஒப்பந்தத்தை உங்களோடு உட்கார்ந்து வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலக் கடிதத்தில் மழுப்பலாக இருக்கும் பல விஷயம் அவர்கள் மொழி ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கும், அது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. புத்தகத்தை ஆங்கிலம் வழியாகக் கடத்துவது மட்டும் வேண்டாம். இரண்டு கை மாறும்போது பிழையும் இரண்டு மடங்காகும், செலவும் இரண்டு மடங்காகும். கோவாவில் 1961 வரை போர்ச்சுகீசிய ஆட்சி இருந்தது. கோவா பல்கலைக்கழகத்தில் அந்த மொழிக்கு இன்றும் துறை இருக்கிறது, நன்றாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பழகியது போர்ச்சுகல் வழக்கு. அதில் இயற்பியல் பாடம் படித்து வளர்ந்தவரை அங்கே தேடிக் கண்டுபிடிப்பதற்குள், பிரேசிலில் நேரடியாகவே ஆள் கிடைத்துவிடும்.

ஏன் பிரேசில் என்கிறேன் என்றால், இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் இயற்பியல் ஏற்கனவே ஒரு பாலம் போட்டிருக்கிறது. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகம் 1934-இல் தொடங்கியபோது, அங்கே இயற்பியலைக் கட்டி எழுப்ப இத்தாலியின் தூரின் நகரத்திலிருந்து போனவர் க்ளெப் வத்தாகின். உக்ரைனில் பிறந்து இத்தாலிக்குக் குடிபெயர்ந்தவர். 1937-இல் ஜுசெப்பே ஒக்கியாலினியும் போய்ச் சேர்ந்தார். அவர்களிடம் பயின்ற சேசர் லாத்தெஸ்தான் பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் போய், 1947-இல் இயற்பியலாளர் பவலோடும் ஒக்கியாலினியோடும் பையான் என்ற நுண்துகளைக் கண்டறிந்த குழுவில் இருந்தார். கம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் நிறுவனம் இன்றும் வத்தாகின் பெயரில்தான் இருக்கிறது. சாவோ பாவ்லோ பக்கம் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களுக்கும் குறைவில்லை. பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் இத்தாலியின் த்ரியெஸ்தேயில் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்குப் பிரேசில்காரர்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். இப்படிப் போய் இரண்டு மூன்று வருஷம் இத்தாலியில் குடியிருந்து திரும்பிய இயற்பியல் முனைவர்தான் நீங்கள் தேட வேண்டிய ஆள்.

அவர்களைத் தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரேசிலின் அறிவியல் ஆராய்ச்சிக் குழு, நாட்டு ஆய்வாளர்களின் தன்விவரங்களையெல்லாம் 'லாத்தெஸ் தளம்' என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறது. மேலே சொன்ன அதே லாத்தெஸ் பெயர்தான். ஒருவர் எங்கே முனைவர் பட்டம் வாங்கினார், எந்த மொழியை வாசிப்பார், எழுதுவார் என்பதுவரை அதில் இருக்கும். இயற்பியல், இத்தாலி என்று வைத்துத் தேடுங்கள். வருகிறவர்களில் பாடநூலோ மொழிபெயர்ப்போ செய்தவர் யார் என்று பாருங்கள். பெரிய பேராசிரியர்களுக்கு எழுதாதீர்கள், அவர்களுக்கு நேரம் இருக்காது. அண்மையில் பட்டம் முடித்துவிட்டு, கல்லூரியில் பகுதி நேரம் கற்பிக்கிறவர்கள் சந்தோஷமாகப் பதில் போடுவார்கள். பதிப்பாளர் போர்ச்சுகல் என்று சொல்லிவிட்டால் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குங்கள். இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில், கரும்பொருளைத் தேடி நடக்கும் ஸெனான் சோதனையில் அவர்கள் பங்கெடுத்தவர்கள், அங்கே தங்கி வேலை பார்த்தவர்களும் இருப்பார்கள். அந்நாட்டு இயற்பியல் சங்கத்தின் இதழான கசேத்தா த ஃபீசிகா 1946 முதல் வருகிறது. அதில் போர்ச்சுகீசியத்தில் எழுதுகிறவர்களின் பெயர்களைப் பார்த்தால், எழுதப் பழகிய கை யாருடையது என்று தெரிந்துவிடும்.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களை இன்னொரு பக்கம் தேடுங்கள். பிரேசிலில் அப்ராத்தெஸ், சின்த்ரா, போர்ச்சுகலில் ஆப்த்ராத், இத்தாலியில் 1950 முதல் இருக்கும் ஐத்தி, இவையெல்லாம் அவர்களுடைய சங்கங்கள். உறுப்பினர் பட்டியலில் மொழி, துறை வைத்துத் தேட முடிகிற இடத்தில் அப்படியே தேடுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் வேலை தேடும் ப்ரோஸ் தளத்தில் விளம்பரம் கொடுத்தால் ஒரே ராத்திரியில் விண்ணப்பம் வந்து குவியும், ஆனால் அங்கே கவனம் தேவை. வேறொருவருடைய தன்விவரத்தைத் திருடி, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. விண்ணப்பத்தில் இருக்கும் முகவரிக்குப் பதில் போடாமல், சங்கப் பட்டியலிலோ பல்கலைக்கழகப் பக்கத்திலோ அதே பெயருக்கு உள்ள முகவரியைத் தேடி எழுதுங்கள். வீடியோ காலில் பத்து நிமிஷம் பேசுங்கள். பிரேசிலியா நேரம் நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால், அதனால் நம் மாலை ஆறு மணி அவர்களுக்குக் காலை ஒன்பதரை. உங்களுக்கும் அது வசதிதான்.

என் யோசனை, ஒருவரை அல்ல, இருவரைப் பிடியுங்கள். ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிர்ணயமும் திருத்துகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. மொழிபெயர்ப்பவர் இயற்பியல்காரராக இருந்தால், திருத்துபவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராக இருக்கட்டும். அல்லது மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு எந்தப் பக்கத்தைக் கொடுப்பது? முன்னுரையைக் கொடுக்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அழகாகச் செய்துவிடுவார்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் வருகிற பக்கம், நீளமான ஒரு தருவிப்பு, பயிற்சிக் கணக்கு இரண்டு, இவற்றைச் சேர்த்து ஒரு பக்க அளவுக்குக் கொடுங்கள். அதற்கும் கூலி கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கேட்டால் நல்லவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மூன்று பேரிடம் வாங்கி, பெயரை மறைத்து, திருத்துபவரிடம் அனுப்புங்கள்.

போர்ச்சுகீசியம் தெரியாத நீங்களும் சிலவற்றை நேரடியாகவே சோதிக்கலாம். சமன்பாட்டு எண்கள் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா? விடைகள் மாறியிருக்கின்றனவா? பிரேசில் பதிப்பு என்றால் கோப்பில் 'எலெத்ராவ்ன்' எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு வழக்கும் ஒரே பக்கத்தில் கலந்து வந்தால், அது பெரும்பாலும் மெஷினில் போட்டு எடுத்தது.

மெஷின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியனிலிருந்து போர்ச்சுகீசியத்துக்குப் போகும்போது பல மெஷின்கள் நடுவில் ஆங்கிலத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகின்றன. அதனால் ஃபாதர்-கோவா வழியில் உள்ள அதே சிக்கல் இதிலும் இருக்கிறது. நாட்டு வழக்கும் கலந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் தன் வசதிக்கு அதைப் பயன்படுத்தி, ஒவ்வொரு வரிக்கும் தான் பொறுப்பேற்றால் அது அவர் முறை. ஆனால் வெளிவராத புத்தகத்தைப் பதிப்பாளர் அனுமதி இல்லாமல் இலவசத் தளத்தில் ஏற்றமாட்டேன் என்று அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நீங்கள் மெஷினில் போட்டுவிட்டுத் திருத்த ஆள் தேடினால், நல்ல ஆள் வரமாட்டார். வருகிறவர் மேலோட்டமாகத் துடைத்துக் கொடுப்பார்.

இப்போது காலக் கணக்கு. பக்கத்துக்கு 300 சொல் என்று வைத்தால் புத்தகம் சுமார் 90,000 சொல். பொதுவாக ஒரு நாளைக்கு 2000 சொல் செய்யலாம் என்பார்கள். சமன்பாடு நிறைந்த பக்கத்தில் 1500-ஐ எதிர்பார்ப்பதுதான் நியாயம். ஆக, மொழிபெயர்க்க மட்டும் 60 வேலை நாள், அதாவது மூன்று மாதம். திருத்த ஒரு மாதம். உங்கள் பக்க அமைப்பும் மெய்ப்பும் இன்னொரு மாதம். அத்தியாயம் முடிய முடிய வாங்கிப் பக்கம் கட்டினால் கொஞ்சம் மிச்சமாகும். ஐந்து மாதம் கேளுங்கள். இந்தக் கணக்கை அப்படியே பதிப்பாளருக்கு அனுப்புங்கள், புத்தகத் தொழிலில் இருப்பவருக்குப் புரியும். ஒரு புத்தகத்தை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்து இரண்டு மாதத்தில் முடிப்பதாகச் சிலர் சொல்வார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் உந்தம் பெயர் மாறும் பாடநூலை எந்த ஆசிரியர் வகுப்புக்கு எடுத்துப் போவார்?

கூலி பேசும்போது அலகைக் கேளுங்கள். இத்தாலியில் 'கார்த்தெல்லா' என்று ஒரு பக்க அளவு உண்டு. பெரும்பாலும் இடைவெளி உட்பட 1800 எழுத்து, சில பதிப்பகங்களில் 2000. பிரேசிலில் 'லவுதா' என்பார்கள், அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எண்ணைக் குறிப்பிடாமல் 'ஒரு லவுதாவுக்கு இவ்வளவு' என்று ஒத்துக்கொண்டால் பிறகு சண்டைதான். சமன்பாட்டையும் படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் எப்படிக் கணக்கிடுவது, பொருளடைவு யார் வேலை என்பதையும் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் உங்கள் கணக்கு வழியாகப் போக வேண்டுமா என்று யோசியுங்கள். இத்தாலி, போர்ச்சுகல், பிரேசில் மூன்றோடும் நமக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் இங்கிருந்து வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பும்போது வரிப் பிடித்தம், சான்றிதழ் என்று ஆடிட்டர் வீட்டுக்கு நடக்க வேண்டி வரும். மொழிபெயர்ப்பாளரோடு பதிப்பாளரே ஒப்பந்தம் போட்டு நேரடியாகப் பணம் கொடுக்கட்டும், நீங்கள் ஒருங்கிணைப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். மொழிபெயர்ப்பின் உரிமை யாருக்கு, தலைப்புப் பக்கத்தில் பெயர் வருமா என்பதும் அவர்கள் இருவருக்குள் முடிய வேண்டியது. பெயர் வர வேண்டும் என்று நீங்களும் சொல்லுங்கள், ஐந்து மாதம் உழைக்கிறவருக்கு அது சேர வேண்டியது. செலவு அதிகம் என்று பதிப்பாளர் தயங்கினால், இத்தாலிய நூல்கள் வேறு மொழிக்குப் போக அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் உதவித்தொகை தருவதையும், அறிவியல் நூல் மொழிபெயர்ப்புக்கென்றே போலோன்யாவில் செப்ஸ் என்ற அமைப்பு இருப்பதையும் நினைவூட்டுங்கள்.

கோப்பு விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மட்டும். லாடெக் மூலத்தை அப்படியே அனுப்பினால் கட்டளைகளைத் தெரியாமல் உடைத்துவிடுவார்கள். ஒமேகாடி என்ற இலவச மென்பொருள் லாடெக் கோப்பைத் திறந்து உரையை மட்டும் பிரித்துக் காட்டும், அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். லாடெக்கில் மொழியைக் குறிக்கிற பேபல் தொகுப்பில் போர்ச்சுகீசியத்துக்கும் பிரேசில் வழக்குக்கும் தனித்தனி விருப்பம் உண்டு, சரியானதைப் போடுங்கள். வெக்டர் பெருக்கலுக்குப் பல இத்தாலிய நூல்களில் ஆப்பு வடிவக் குறி இருக்கும், பிரேசில் பாடநூல்களில் சாதாரணப் பெருக்கல் குறி. மாற்றுவதா வேண்டாமா என்பதை மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாளரும் முடிவு செய்யட்டும். அந்தக் குறிக்கு மேக்ரோ, அதாவது ஒரு குறுக்குக் கட்டளை வைத்திருந்தால் உங்களுக்கு ஒரே வரி வேலை.

மொழிபெயர்ப்பு வேலையையும் சேர்த்து எடுக்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு புத்தகத்தை ஒருங்கிணைப்பாளராகச் செய்து முடியுங்கள், விளம்பரம் எதுவும் வேண்டாம். இது முடியும்போது இரண்டு நம்பிக்கையான ஆட்களும், இத்தாலியன்–போர்ச்சுகீசியக் கலைச்சொல் பட்டியல் ஒன்றும் உங்கள் கையில் இருக்கும். அந்தப் பட்டியலை முதல் அத்தியாயத்திலிருந்தே ஒரு விரிதாளில் சேர்த்து வாருங்கள், அதை வைத்துக்கொள்ளும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். லாடெக்கும் தெரிந்து, மொழிபெயர்ப்பாளரோடு பேசவும் தெரிந்த யூனிட்டுகள் குறைவு. அடுத்த புத்தகம் வந்தால், எலெக்ட்ரானியலோ வேதியியலோ, அதே இருவரிடம் முதலில் கேளுங்கள். பதிப்பாளரிடமிருந்து எந்த நாடு என்று பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், தேர்வுப் பக்கத்தை இரண்டு பேருமாகப் பார்த்து எடுக்கலாம்.